அன்றைக்கு மழைதான்

பிப்ரவரி 9

இந்தக் கைபேசியிடம் பேசினால் அதுவே எழுதி வைத்துக்கொள்ளுமாம். மகள் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு எழுத்து தெரியாது. இது சரியாக எழுதுகிறதா, கிறுக்குகிறதா என்று பார்க்கவும் வழியில்லை. மனதில் இருப்பதையெல்லாம் இதில் கொட்டுங்கள், என் தலையில் கொட்டாதீர்கள் என்றாள்.

கொட்டுகிறேன்.

மீன் சந்தையில் ஏலம் கூவியவன் நான். எந்தக் கூடையை யார் எடுத்தார், யார் பாதியில் விட்டுவிட்டுப் போனார் என்று காகிதமே இல்லாமல் சந்தை கலையும்வரை தலையில் வைத்திருப்பேன். 'ஒலிபெருக்கி' என்றுதான் அங்கே எனக்குப் பேர். ஒரு நாள் பிசகியதில்லை. மகள் பிறந்த அன்று கொட்டிய மழையில் எந்தக் கடை திறந்திருந்தது, எது மூடியிருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

காலையில் என் வீட்டுக்காரியிடம், கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். "ஆமா" என்றாள். திறந்தே இருக்கட்டுமா என்றேன். "ஆமா."

பக்கவாதம் வந்து அவளுக்கு வலது கையும் பேச்சும் போயின. கை பாதி திரும்பிவிட்டது. பேச்சில் அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. எனக்கு வாழ்க்கைப்பட்ட நாள் முதல், நான் எதைச் சொன்னாலும் "இல்ல" என்றுதான் ஆரம்பிப்பாள். வானம் மேலே இருக்கிறது என்றாலும் "இல்ல" என்பாள். மிஞ்சுவதற்கு இந்த 'ஆமா' தானா கிடைத்தது?

பிப்ரவரி 12

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா சீப்புப் படத்தைக் காட்டினார். "ஆமா." சாவிப் படம். "ஆமா." பிறகு என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு பயிற்சியை நிறுத்திவிடலாம் என்றார். முன்னேற்றம் இல்லையாம். வரிசையில் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்களாம்.

கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அந்த அம்மா அவ்வளவு மென்மையாகச் சொன்னார். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"வீட்ல பேச்சு கொடுத்துக்கிட்டே இருங்க ஐயா" என்றார்.

நானா? நான் வாயை மூட வேண்டும் என்றுதான் ஊரே வேண்டிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 13

பயிற்சியை நிறுத்தினால் இனி அந்த ஒரு சொல்தான். அவள் கடைசிவரை.

பிப்ரவரி 18

மகள் செய்வது என்ன வேலை என்று இன்றுதான் ஒழுங்காகக் கேட்டேன்.

உலகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஆளுக்கொரு மூலையில் எழுதிக் குவிக்கிறார்கள். ஒரு மூலைக்காரன் எழுதியதை அடுத்த மூலைக்காரன் படிப்பதேயில்லை. எல்லாக் குவியலையும் இவளுடைய கம்ப்யூட்டர் படிக்கிறது. ஒரு குவியலில் இருக்கும் பூட்டுக்கு எங்கோ கிடக்கும் வேறொரு குவியலில் சாவி இருக்குமா என்று தேடுகிறது. பாதி உளறல்தான் வருமாம். நல்லது எது, உளறல் எது என்று பிரித்துப் பார்ப்பது மனிதர் வேலை. ஒருமுறை மீன் செதிலையும் கூரை ஓடுகளையும் சேர்த்து வைத்ததாம். அது எனக்குப் பிடித்திருந்தது. செதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் விதம் எனக்குத் தெரியாதா?

நல்ல வேலைதான் என்றேன். அங்கேயே எழுந்து போயிருக்கலாம்.

"அம்மாவுக்கு வந்த மாதிரி பேச்சுப் போறதையும் தேடச் சொன்னேன்பா" என்றாள்.

என்னைக் கேட்காமல். அவள் அம்மாவையும் கேட்காமல். கேட்டிருந்தாலும் 'ஆமா' என்றுதான் சொல்லியிருப்பாள், அது வேறு.

என்ன வந்தது என்று கேட்டேன்.

கிளி வந்ததாம்.

பிப்ரவரி 19

கிளி. என் பெண்டாட்டிக்குக் கிளி!

கிளிக்கு நேராகச் சொல்லிக் கொடுத்தால் அது காதில் வாங்காதாம். அதன் எதிரில் இரண்டு பேர் ஒரு பொருளுக்குப் போட்டி போட வேண்டுமாம். பேரைச் சரியாகச் சொன்னவருக்குப் பொருள். தப்பாகச் சொன்னவருக்குத் திட்டு, பொருளும் கிடையாது. பார்த்துக்கொண்டே இருக்கும் கிளிக்குப் பொறுக்காமல் ஒரு நாள் நடுவில் நுழைந்து தானே பேரைச் சொல்லுமாம். பறவைக்காரர்கள் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். பேச்சு வைத்தியக்காரர்களுக்கும் அவர்களுக்கும் பழக்கமில்லை. கம்ப்யூட்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. அலுவலகத்தில் இவள் மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்தாராம். உளறல் பக்கம் தள்ளு என்றாராம்.

"உங்கம்மாவக் கூண்டுல போடப் போறியாடி?" என்றேன்.

"ஏற்கெனவே போட்டாச்சுப்பா. படத்தக் காட்டிப் படத்தக் காட்டி, சொல்லு சொல்லுன்னு."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பிப்ரவரி 22

வேறு வழி என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் அவள் உட்கார்ந்திருக்க, அவளுடைய சீப்பை வைத்துக்கொண்டு நானும் மகளும் போட்டி போட்டோம். அவள் பக்கம் திரும்பவே கூடாதாம். இது என்ன என்று மகள் கேட்டாள். சீப்பு என்றேன். சீப்பைக் கொடுத்தாள். என் வழுக்கையைச் சீவிக்கொண்டேன். அடுத்து நான் கேட்டேன், மகள் சொன்னாள். என் வீட்டுக்காரி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் என்மேல் பாய்ந்தாள். நான் தப்பாகச் சொல்ல வேண்டுமாம். அவள் இரண்டு முறை தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கினாளாம், நான் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லையாம். சீப்பைச் சீப்பு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

"தப்புதான்பா முக்கியம். பார்க்கிறவங்களுக்கு வாய் துறுதுறுங்கணும்ல" என்றாள்.

என் வாயில் தப்பு வராது. வந்திருந்தால் சந்தையில் ஒரு வாரம் நின்றிருப்பேனா?

பிப்ரவரி 24

மாட்டேன் என்றேன்.

பிப்ரவரி 26

நாளை மறுநாள் கடைசிப் பயிற்சி.

பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். சீப்பைக் கையில் பிடித்து, "செருப்பு" என்றேன். மகள் என்னைத் திட்டினாள். நன்றாகவே திட்டினாள், வெகுநாளாகச் சேர்த்து வைத்திருந்திருப்பாள் போல. நான் ஓரக்கண்ணால் என் வீட்டுக்காரியைப் பார்த்தேன்.

அவள் சீப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

பழைய ஆளாக இருந்தால் என்னை அந்தச் செருப்பாலேயே அடித்திருப்பாள்.

கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

பிப்ரவரி 27

நிதானமாகச் சொல்கிறேன்.

காலையில் மகள் மறுபடி சீப்பை எடுத்தாள். தூக்கிக் குப்பையில் போடு என்றேன். நேற்று நான் சொன்னது நடிப்பு என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் நடக்கவில்லை என்றாள். அப்புறம் சொன்னாள், "உங்களுக்குத் தோத்தே பழக்கமில்ல. அம்மாவுக்காகக்கூடத் தோக்க மாட்டீங்க."

அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. சந்தைக் குரலில் கத்தினேன்.

"யாருடி தோக்க மாட்டான்? நீ பொறந்த அன்னிக்குக் கொட்டுற மழை. ஒரு வண்டி வரல. மீன் தள்ளுற வண்டியில உங்கம்மாவ உக்கார வச்சு, மேல தார்ப்பாயப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிட்டு ஓடினவன்டி நான். அவளக் கிளியாக்கி எனக்கே வேடிக்கை காட்ட வந்துட்டே."

"இல்ல."

"என்னடி இல்ல?" என்று மகளைப் பார்த்துச் சீறினேன்.

"நான் சொல்லலப்பா" என்றாள்.

இரண்டு பேரும் திரும்பினோம். என் வீட்டுக்காரி மேஜையில் இடது கையை ஊன்றி எழப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவப்பு. அந்த முகத்தை எனக்குத் தெரியும். வாழ்க்கை முழுக்க எனக்கு எதிரே நின்ற முகம்.

"இல்ல" என்றாள் மறுபடி. விரல் கூரையைக் காட்டியது. உதடு கோணிக்கொண்டு, எதையோ தேடித் தேடி, கடைசியில் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வெ... வெயிலு."

மகள் அழுதாள். நானா? நான், "மழைடி, மழை" என்றேன். வேறென்ன சொல்வேன்? மழைதான்!

மார்ச் 1

நேற்றுப் பயிற்சிக்கார அம்மா எதிரிலும் "இல்ல" வந்தது. படத்தைக் காட்டியபோது வரவில்லை. இந்த அம்மா நல்லா சொல்லித் தர்றாங்கல்ல என்று நான் கேட்டபோது வந்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயிற்சி தொடரும். ஆனால் இது தானாகவே திரும்பி வரும் நேரமாகவும் இருந்திருக்கலாம், கிளியால்தான் என்று சொல்ல முடியாது என்றார்.

மகளும் அதையேதான் சொல்கிறாள். ஒரு ஆளை வைத்து எதுவும் முடிவு கட்டக் கூடாதாம். ஆனால் உளறல் பக்கத்திலிருந்து அதை எடுத்துவிட்டாளாம். பயிற்சிக்கார அம்மாவும் இவளும் சேர்ந்து இன்னும் சிலரிடம் செய்து பார்க்கப் போகிறார்கள். மேலதிகாரி இப்போது சிரிக்கவில்லையாம். அவர் சிரித்ததை நான் மறக்க மாட்டேன். எதையும் நான் மறப்பதில்லை.

ஊரில் யாரிடமாவது கிளி என்று சொன்னால் வீட்டுப் படி ஏறாதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 8

வெயிலாம். சொல்கிறாள் பார்!

எத்தனை வருஷமாக அந்தக் கதையை எத்தனை பேரிடம் இவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். ஏதாவது முணுமுணுப்பாள்தான். அவள் முணுமுணுக்காத கதை எது? யார் காது கொடுத்தது?

என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழை இல்லாமல் சட்டை நனையுமா?

மார்ச் 15

கதவைச் சாத்தட்டுமா என்றேன். "இல்ல." திறந்தே இருக்கட்டுமா என்றேன். "இல்ல."

"அப்புறம் என்னதான்டி பண்ணச் சொல்றே?"

தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள். கோபம் கோபமாக வந்தது. கதவைப் பாதி திறந்து வைத்தேன்.

மார்ச் 21

மதியம் பால்கனியில் அவளுடைய நாற்காலிக்கு மேலே வெயில் படாமல் ஒரு பழைய தார்ப்பாயைக் கட்டினேன். கட்டி முடித்ததும் உள்ளங்கை இரண்டும் எரிந்தன. அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் தார்ப்பாயை விட்டபோது இதே எரிச்சல். வண்டியில் கிடந்த பனிக்கட்டித் துண்டை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டேன். மழையில் நனைந்த தார்ப்பாய் எப்படிச் சுடும்?

அவள் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கறே? அன்னிக்கு மழைதான்" என்றேன்.

"இல்ல" என்றாள். "வெயிலு. நல்ல... வெயிலு."

ஆமாவை விட்டால் இப்போது மூன்று சொல்.

கை எரிந்ததை அவளிடம் சொல்லப் போவதில்லை. நாளைக்கும் மழைதான் என்பேன்.