டிப்போ கேன்டீனில் ஒரு கல்லூரி

ஜனவரி 12

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு, உடன்பிறந்த அக்கா எழுதிக்கொள்வது.

நான் நலம். நீ நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. ஓய்வு விழாவுக்குப் பிறகு ஒரு வரி எழுதாதவள், இப்போது கமிட்டி முத்திரை குத்திய உறையில் எழுதியிருக்கிறாய். இந்த வட்டாரத்துக்குக் குறைந்த கட்டணத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி தேவையா என்று மதிப்பிடப் போகிறீர்களாம், எங்கள் ஊர் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நான் விசாரித்துச் சொல்ல வேண்டுமாம். அந்த விழா மேடையில் வாட்ச்மேனுக்கு நன்றி சொன்னாய், மணி அடிக்கிறவருக்கு நன்றி சொன்னாய். உன் சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, உன்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டிலேயே நின்ற நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தூண் மறைத்திருக்கும். போகட்டும். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஊர் என்ன நினைக்கிறதோ எனக்குத் தெரியாது. என் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். பஸ் டிப்போ கேன்டீனில் மாலை நேரத்தில் மாதிரி வகுப்பு என்று ஒன்றை உன் கமிட்டி ஆரம்பித்தது அல்லவா, அதில் என் மருமகள் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்த சின்னக் குப்பிகளைத் தட்டில் வைத்து லேப் வாசல் வரை தூக்கிக்கொண்டு போகிற வேலை அவளுக்கு. வாசலோடு திரும்பிவிட வேண்டும். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம், லேப் படிப்பு படிக்க வேண்டுமாம்.

"இந்த வயசுல உனக்கு எதுக்குடி புத்தகம்?" என்று கேட்டேன்.

"இங்க காலேஜ் வந்தா இங்கயே இருந்து படிப்பேன் அத்தை. வரலைன்னா வாலுவக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் இருக்கற பெரிய ஊருக்குப் போயிடுவேன். ரெண்டுல ஒண்ணு நடக்கும்" என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள். என் மகன் கண்ணை மூடிய பிறகு எனக்கு இருப்பது இவளும் பேத்தி வாலுவும்தான். இந்தப் பைத்தியம் தானாகத் தெளியட்டும் என்று, மாலையில் வாலுவைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவளோ குழந்தையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறாள்.

தீயை மூட்டியது உன் கமிட்டி. கல்லூரி வருமா வராதா, ஒரே வார்த்தையில் சொல். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைக்கூடச் சரியாகப் பிரிக்க முடியவில்லை, கிழித்துவிட்டேன். சுழிக்க ஒன்றும் இல்லை. விழாவைப் பற்றி நேரில்தான் பேச வேண்டும், கடிதத்தில் முடியாது.

நீ கேட்ட ஒரே வார்த்தை என்னிடம் இல்லை. கமிட்டி இரண்டாக நிற்கிறது. பாதிப் பேர் "பள்ளி முடிக்கிற பிள்ளைகளே வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள், கல்லூரி யாருக்கு?" என்கிறார்கள். அதனால்தான் மாதிரி வகுப்பு. கடைசி வாரம் வரை பெஞ்சுகள் நிரம்பியிருந்தால், வேலைக்குப் போகிறவர்களும் படிக்க வருவார்கள் என்று ஒப்புக்கொள்வார்கள். ஆனால் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வருகின்றன. முக்கியமாகக் குழந்தை உள்ள பெண்கள் நின்றுவிடுகிறார்கள். காரணம் உனக்குத் தெரியும், நான் எழுத வேண்டாம்.

எங்கே என்பது அடுத்த கேள்வி. நான் வேலை பார்த்த பள்ளிக் கட்டடம் பூட்டியே கிடக்கிறது. கல்லூரியை அங்கே கொண்டுவருவாள் என்று நம்பித்தான் என் ஊர்க்காரர்கள் என்னைக் கமிட்டிக்கு அனுப்பினார்கள். உங்கள் ஊரிலிருந்து இங்கே வர இரண்டு பஸ் மாற வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

ஒரே ஒரு நாள் அந்த வகுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு எழுது அக்கா. திட்டியே எழுது, பரவாயில்லை.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 3

தங்கைக்கு அக்கா எழுதுவது.

போனேன். பார்க்கப் போகவில்லை, மருமகளை இழுத்துக்கொண்டு வரப் போனேன். வாலுவுக்கு உடம்பு லேசாகச் சுட்டது, அப்படியும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்கு நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று தெரு முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கேன்டீன் உனக்குத் தெரியாது. மத்தியானத்தில் அங்கே காது கிழியும். டிரைவர்கள் சண்டை, தட்டுச் சத்தம், டீ கொட்டிப் பிசுபிசுத்த பெஞ்சு. அதே இடத்தில் நான் நுழைந்தபோது ஒரு சத்தம் இல்லை. யாருக்கோ ஆபத்து என்றுதான் நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால், டிப்போ மெக்கானிக் இருக்கிறானே, என் மகன் கல்யாணத்துக்கு வராதவன், அவன் கிரீஸ் படிந்த விரலால் ஒரு வெங்காயத் தோலை ஊசி முனையில் தூக்கிக்கொண்டிருந்தான். மேல்தோல் இல்லை. உள்ளே அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, நாம் வழித்துப் போடுவோமே, அது. மூச்சுப் பட்டால் சுருண்டுவிடும் என்று அவன் மூச்சையே பிடித்துக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்களும் அப்படியே. தையற்கடைக்காரி, ஆஸ்பத்திரி லிப்ட்காரர், தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், எல்லோரும் தெரிந்த முகங்கள். அந்த முகங்களை இப்படி நான் பார்த்ததே இல்லை.

"வாடி வீட்டுக்கு" என்றேன். குரல் கேன்டீன் முழுக்கக் கேட்டது.

மருமகள் திரும்பினாள். வாலு அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். "அத்தை, சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். எங்கயும் ஓடிடாது. முதல்ல இதுல ஒரு கண்ண வையுங்க."

மெக்கானிக் எழுந்து எனக்கு இடம் விட்டான். அந்தத் தோலைக் கண்ணாடித் துண்டில் போட்டு ஒரு கருவிக்கு அடியில் வைத்தான், அது மைக்ராஸ்கோப்பாம். குனிந்தேன். ஒன்றும் இல்லை, கறுப்புக் கறுப்பாய் ஏதோ ஆடியது.

"பூச்சி!" என்றேன்.

"அது உங்க கண் இமை பாட்டி" என்றார் வாத்தியார். வயது குறைந்தவர்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கொஞ்சம் விலகி, ஆடாமப் பாருங்க."

ஆடாமல் பார்த்தேன்.

எப்படி எழுதுவேன் உனக்கு. நீ படித்தவள், இதையெல்லாம் எப்போதோ பார்த்திருப்பாய். அறைகள். சுவரும் சுவரும் ஒட்டி, அறைக்குப் பக்கத்தில் அறை, வரிசை தப்பாமல், கண் போகிற தூரம் வரை அறைகள். ஒரு பெரிய நகரத்தை மேலே பறந்துகொண்டே பார்ப்பது போல. ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு பொட்டு, ஆள் குடியிருப்பது போல.

"இது செத்ததா, உயிரோட இருக்கறதா?" என்று கேட்டேன்.

"உயிரோடதான் இருக்கு. அந்தப் பொட்டுதான் உள்ள நடக்கற எல்லாத்தையும் நடத்துது" என்றார் வாத்தியார்.

"அப்ப, இத்தனை காலமா என் அருவாமனையில..."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கையால் எத்தனை மூட்டை வெங்காயம் உரித்திருப்பேன். இது உள்ளே இருக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே. நான் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது, ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

எழுந்தபோது மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். லேப் வாசலில் தட்டோடு திரும்பிவருகிறவள் இத்தனை நாளும் எதை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாலுவை அவள் தோளிலிருந்து வாங்கிக்கொண்டேன். "நீ உக்காரு. முன் பெஞ்சுல உக்காரு. பின்னால உக்காந்தா என்ன தெரியும்?" என்றேன். காய்ச்சலுக்குக் கஞ்சி கொடுத்துத் தூங்க வைத்தேன், இப்போது சரியாகிவிட்டது.

மறுநாள் தையற்கடைக்காரியின் மாமியாரிடம் போனேன். அவளும் என்னைப் போலப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்றவள். அவளோடு எனக்குப் பேச்சு கிடையாது, அது வேறு கதை. "நீ போய் அந்த வெங்காயத்தப் பாத்துட்டு வா, அப்புறம் வந்து என்கிட்ட வாயாடு" என்று மட்டும் சொன்னேன். பார்த்துவிட்டு வந்தாள். வாயாடவில்லை. இப்போது மாலையில் டிப்போ டிக்கெட் அறையில் நாங்கள் கிழவிகள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பெஞ்சு காலி இல்லை. உன் கமிட்டியை வந்து பார்க்கச் சொல்.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்கா,

வந்து பார்த்தார்கள். உட்கார இடமில்லாமல் இரண்டு உறுப்பினர்கள் சுவரோரம் நின்றார்களாம். கல்லூரி தேவை என்று கமிட்டி முடிவு எழுதிவிட்டது. மேலிடமும் ஒப்புக்கொண்டது. உங்கள் ஊரில்தான், டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில். கட்டி முடிக்கும் வரை வகுப்புகள் கேன்டீனிலேயே நடக்கும், லேப் படிப்பும் உண்டு. மருமகளிடம் சொல்.

இங்கே எல்லாம் வழக்கம் போல. நான் நலம்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 29

என் தங்கச்சிக்கு,

கடிதத்தை மருமகள் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டு, "நான் வரலைண்ணா, இங்கயே படிக்கப் போறேன்" என்றாள். வாலு எதற்கென்று தெரியாமலே குதித்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன், கண்ணைத் துடைக்க ஒரு இடம் வேண்டுமே.

எல்லாம் வழக்கம் போல என்று எழுதியிருந்தாய். நான் ஏறிய பஸ்ஸின் கண்டக்டர், உன் ஊர் பஸ்காரர்கள் சொன்னதாக, வேறு சொல்கிறார்.

"உங்க தங்கச்சி ஊர்ல பெரிய ரகளைம்மா. எந்த ஊருன்னு கமிட்டியில ஓட்டு எடுத்தப்ப சமமா நின்னுச்சாம். டீச்சரம்மா ஓட்டுதான் பாக்கி. சொந்த ஊர விட்டுட்டு நம்ம ஊருக்குப் போட்டுட்டாங்க. இப்ப அங்க யாரும் அவங்ககிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். நீ ஆயுசு முழுக்க நடத்திய பள்ளி, அதன் பூட்டைத் திறக்கிற சாவி உன் கைக்கே வந்திருக்கிறது. அதைத் தூக்கி எங்கள் டிப்போவுக்குக் கொடுத்துவிட்டு, நான் நலம் என்று எழுதுகிறாய். மூச்சு விடவில்லையே நீ! எனக்கு உன் மேல் கோபப்பட்டுத்தான் பழக்கம். உன்னைப் பார்த்து வாயடைத்துப் போய்ப் பழக்கமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

நீ இதை எனக்காகச் செய்தாயோ என்று மருமகளிடம் கேட்டுப் பார்த்தேன். "உங்களுக்காக இல்ல அத்தை. ஷிப்ட் முடிஞ்சு நடந்து வந்து உக்காந்தாங்களே, அவங்களுக்காக" என்றாள். அப்படியென்றால் உன் மேல் மரியாதை இன்னும் கூடுகிறது. எனக்காகச் செய்திருந்தால் நான் குறை கண்டுபிடித்திருப்பேன்.

விழா விஷயம் அப்படியேதான் இருக்கிறது. அதை நேரில் பேசுவோம். அடுத்த வாரம் வருகிறேன். வாலுவும் வருகிறாள், சின்னப் பாட்டியைப் பார்க்க வேண்டுமாம். பத்து நாளாவது இருப்போம், அறையை ஒழித்து வை.

வருவதற்குள் ஒன்று மட்டும் எழுது. உன்னோடு பேசாதவர்கள் யார் யார்? கடைக்காரனா, பக்கத்து வீட்டுக்காரியா, கூட வேலை பார்த்தவர்களா, ஒருவர் விடாமல் அடையாளம் சொல். உனக்கு இதெல்லாம் வராது. எதிரே வந்தால் எல்லாம் மறந்து சிரித்துவிடுவாய். நீ சிரித்துக்கொள். முகத்தைத் திருப்பிக்கொள்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

உன் அக்கா