பஞ்சிட் என்றீர்கள்

எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் ரப்பர் வாடை போகவில்லை. இந்த வாடையோடுதான் நீங்கள் சோற்றில் கை வைப்பீர்கள், நான் சத்தம் போடுவேன். இன்று அதே கையோடு நான் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

பள்ளிக்கூடக் கேன்டீன் வேலைக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தேன். முட்டி தாங்கவில்லை. நீங்கள் போனதிலிருந்து சைக்கிள் பின்சக்கரத்தில் காற்று இல்லாமல் குசினிச் சுவரில் சாய்ந்தே நின்றது. இன்று அதைத் தலைகீழாகக் கவிழ்த்து நானே கழற்றினேன்.

நீங்கள் சக்கரம் கழற்றும்போது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. "நேரா புடி லா. சைக்கிள் என்ன ஒன் மாமியாரா, இப்படி மொறைக்கிற?" என்பீர்கள். அப்படி நின்று பார்த்ததுதான் கைகொடுத்தது. இரண்டு பக்க நட்டையும் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, செயினைக் கழற்றி எடுத்தேன். டயர் ஓரத்தில் கரண்டிக் காம்பை விட்டு நெம்பினேன். டியூப் வெளியே வந்தது.

இந்தப் பாலோ ஊரில் செம்பனை முள் குத்தாத டயர் ஏது? "முள்ளு உள்ளயே இருந்தா புது டியூப்பையும் குத்தும்" என்று நீங்கள் சொல்வது போல டயருக்குள் விரலை மெதுவாக ஓட்டினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடியும் தடவினேன். டியூபில் காற்றடித்து, பேசின் தண்ணீரில் அமுக்கி அமுக்கிச் சுற்றினேன். வால்வையும் அமுக்கினேன். ஒரு குமிழி கூட வரவில்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் செம்பனைக் காட்டிலிருந்து மணியம் அண்ணனுக்குப் போன் செய்தீர்கள். உங்களோடு குலை வெட்டியவர், நமக்குப் பக்கத்து வீடு. இழவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி அழுதார்: "'பஞ்சிட் லா மணி, வா'ன்னான். நான் சிரிச்சேன். 'கஞ்சப்பயலே, புது டயரு வாங்குடா. சாப்புட்டு பம்ப்ப எடுத்துக்கிட்டு வரேன்'னேன்."

இங்கே காற்று போன டயருக்கும் அந்தச் சொல்தான். மூச்சு முட்டி, இனி முடியாது என்று நிற்கிற மனிதனுக்கும் அந்தச் சொல்தான்.

அவர் பம்ப்போடு வந்து சேர்ந்தபோது சைக்கிள் வாய்க்காலில் கிடந்தது. பக்கத்தில் நீங்கள் குப்புறக் கிடந்தீர்கள். மாரடைப்பு என்றார் டாக்டர். அன்று யார் டயரைப் பார்த்தார்கள்? காரியமெல்லாம் முடிந்து பல வாரம் கழித்துப் பார்த்தபோது காற்று இறங்கியிருந்தது. ஓட்டாமல் நின்றால் காற்று தானாக இறங்கும் என்பது எனக்கும் தோன்றவில்லை. பஞ்சிட் ஆன சைக்கிளை வெயிலில் தள்ளிக்கொண்டு வந்து விழுந்தார் என்றே எல்லாரும் பேசினோம்.

டயருக்கு ஒன்றுமில்லை. நீங்கள் உங்களுக்காகத்தான் ஆள் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

அழுதுகொண்டே டியூபைத் திரும்ப வைத்தேன். முறுக்கிக்கொள்ளாமல் இருக்க முதலில் கொஞ்சம் காற்று, பிறகு டயர். கடைசி ஓரத்தைக் கரண்டி போடாமல் கட்டைவிரலாலேயே உள்ளே தள்ளினேன். செயினை மாட்டி, சக்கரம் நடுவில் சுற்றுகிறதா என்று பார்த்து, நட்டை மாற்றி மாற்றி முடுக்கினேன்.

சாயங்காலம் மணியம் அண்ணன் வேலியோரம் வந்து நின்றார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார்.

"நீயேவா கழட்டுன? என்னைக் கூப்புட வேண்டியதுதானே?"

"முடிஞ்சிருச்சிண்ணே."

வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு கேட்டார்.

"முள்ளு இருந்துச்சா?"

"இருந்துச்சிண்ணே. பெரிய முள்ளு."

"எங்க, காட்டு."

"லோங்காங் சாக்கடத் தண்ணியில வீசிட்டேன். அத வெச்சிக்கிட்டு என்ன பண்றது?"

கம்பியிலிருந்து அவர் கை தளர்ந்தது. "டயருதான். நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றார். "ஆமாண்ணே" என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில், சோறு போடச் சொல்லும் அவர் குரல் கேட்டது.

நாளைக்கு சைக்கிளில்தான் வேலைக்குப் போவேன். அண்ணன் வாசலில் நின்று கை காட்டுவார். நானும் காட்டுவேன். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன், பிள்ளைகளிடம் கூட. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். நீங்கள் கூப்பிட்டது எனக்கு இன்றுதான் கேட்டது.