வாட்ச்மேன் பெட்டியில் அடித்த போன்

திருத்தங்கல்,
ஏப்ரல் 6.

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறேன். அங்கே நீயும் மருமகன் பிராங்க்ளினும் பேரன் ஜெரினும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். டப்ளினில் குளிர் குறைந்துவிட்டதா? போனில் பேசாமல் இவள் ஏன் பேப்பரில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போன் என்றால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை குறுக்கே பேசுவாய், எனக்கும் அழுகை வந்துவிடும். கடைசிவரை படி, அப்புறம் திட்டு.

அந்த ஊரில் அப்படி என்னம்மா இருக்கிறது, எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர், வெயில், புழுதி, எதற்கு அதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று நீ கேட்டாய். நீ கேட்டதில் தப்பே இல்லை. மாநகராட்சி என்று போர்டு மாறியதே தவிர குழாயில் வருவது மாறவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை போய் வந்தால் சேலைக் கரை முழுக்க மண். அதனால்தான் ஜூன் மாதம் டிக்கெட் போடுகிறேன் என்று நீ சொன்னபோது மறுபேச்சுப் பேசாமல் சரி என்றேன், சக்கரம் வைத்த பெட்டிகூட வாங்கிவிட்டேன். இப்போது என்னால் வர முடியாது. ஏன் என்று சொல்கிறேன், பதறாதே, எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

எதிர்வீட்டு அழகுமீனா வெடி விபத்தில் போய்விட்டாள் என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். முழுதும் சொல்ல வாய் வரவில்லை. உன் அப்பா இறந்த பிறகு இந்த நாலு வருஷமும் தண்ணீர் வருகிற நாளில் என் டிரம்மை நிறைத்துவிட்டுத்தான் தன் குடத்தைக் குழாயில் வைப்பாள், தெரியும்தானே. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை, காலை ஏழு மணிக்கு வேன் வந்துவிடும். புருஷன் தங்கப்பாண்டியன் லாரியில் வடக்கே லோடு கொண்டுபோனால் இருபது நாள் ஆகும் திரும்ப. ஒரே பிள்ளை பானுப்பிரியா, பிளஸ் டூ. அன்றைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை. ஒன்பது மணி இருக்கும், சத்தம் கேட்டது. தெருவே மாடிக்கு ஏறிப் புகை எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்த்தது. விஸ்வநத்தம் பக்கம்தான். பானு கையில் பரீட்சை அட்டையோடு என் வீட்டுக்கு ஓடி வந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. நான் அழகுமீனா நம்பருக்கு அடித்தேன். ரிங் போனது. "ரிங் போகுது பிள்ள, அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, நீ பரீட்சைக்குக் கிளம்பு" என்று சொல்லி, பக்கத்து வீட்டுக் கனகசபாபதியின் பைக்கில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

கம்பெனிக்குள் போகுமுன் எல்லோரும் போனைக் கேட்டில் வாட்ச்மேன் பெட்டியில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போன் அங்கே அடித்துக்கொண்டே இருக்கும். இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான், ஒவ்வொரு விபத்திலும் "ரிங் போகுது, எடுக்கத்தான் மாட்டேங்கா" என்று சொல்லிக்கொண்டு வார்டு வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்து ஐயோ பாவம் என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்கு அதையே நான் சொன்னேன். நர்சம்மாவே சொல்கிறார்களே என்று அந்தப் பிள்ளையும் நம்பிவிட்டது.

அரை மணி நேரத்தில் காயம்பட்டவர்களில் அவள் பேரும் வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே அங்கே கூட்டம். அச்சாபீஸ் ஆட்கள் கையில் மையைக்கூடக் கழுவாமல் ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள், யாரும் கூப்பிடவில்லை. என்னைத் தெரிந்த நர்ஸ் உள்ளே விட்டாள். அழகுமீனா முழு நினைவோடு இருந்தாள். பானு எங்கே என்று கேட்டாள். பரீட்சைக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். "நல்லதுக்கா. அவள கூப்பிட்றாதீக. எழுதி முடிச்சிட்டு வரட்டும், இந்தக் கம்பெனி என்னோட போகட்டும்" என்றாள். தீக்காயம் பட்டவர்கள் முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவார்கள், அப்புறம் பேச மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அந்த நர்சுக்கும் தெரியும். தெரிந்தேதான் தலையாட்டினேன். பானு வரும்போது இரண்டு மணி, தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

அழகுமீனாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போட்டு வந்த மறுநாள் பானு என்னிடம் கேட்டாள், "காலையிலேயே தெரிஞ்சும் என்னைய ஏன் பெரியம்மா கூப்பிடல? ரிங் போகுது, ஒண்ணுமில்லன்னு பொய் சொன்னீகளே" என்று. அதோடு என்னிடம் பேச்சு இல்லை. மிச்சம் இருந்த இரண்டு பரீட்சையும் எழுதவில்லை. தங்கப்பாண்டியனும் பதினாறு கழிந்ததும் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டான், அவனைக் குறை சொல்லி என்ன செய்ய. தண்ணீர் வந்தால் தெருவில் யார் வீட்டுக் குடத்துக்கும் முன்னால் அவள் டிரம்தான் நிறைகிறது. ஒரு நாளைக்கு ஒரு பெண்ணாகப் போய்த் துணைக்குப் படுத்துக்கொள்கிறார்கள். எல்லோரிடமும் முகம் கொடுக்கிறாள். நான் சோறு பொங்கி வாசலில் வைத்தால் உள்ளே எடுக்கிறாள், பாத்திரத்தைக் கழுவி வைக்கிறாள், ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

உன் அம்மாதான் கூப்பிட வேண்டாம் என்றாள் என்று பானுவிடம் சொல்லிவிடேன் என்பாய். பாஸ்டரும் அதையேதான் சொல்கிறார். சொல்லத்தான் இரண்டு தடவை அந்த வாசல் வரை போனேன். சொன்னால் அவள் கோபம் அழகுமீனா மேல் போகும். செத்துப்போனவள் மேல் வரும் கோபத்தை அந்தப் பிள்ளை எங்கே கொண்டுபோய் இறக்கும்? என்மேல் என்றால் நான் எதிரில் இருக்கிறேன், என்னைக் கண்டதும் கதவைச் சாத்தலாம். ரிங்கை நம்பி அனுப்பியது என் தப்புத்தானே, பாதிக் கோபம் எனக்கு உள்ளதுதான். விட்ட பரீட்சையை ஜூன் கடைசியில் எழுதலாமாம். அதுவரையாவது, அதற்குப் பிறகும் அவள் கோபம் ஆறும்வரை, நான் இங்கே இருந்தாக வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்துவிடு. ஜெரினைத் தூக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா, கை ஏங்குகிறது அம்மாடி.

கர்த்தர் உங்கள் மூவரையும் கண்ணின் மணிபோல் காக்கட்டும். வெறும் வயிற்றில் டூட்டிக்குப் போகாதே. பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடு. உன்னோடு பானு எப்போதும் நன்றாகப் பேசுவாள், வாரம் ஒரு தடவை அவளைக் கூப்பிடு. என்னைப் பற்றி ஏதாவது சொல்லி அழுதால் முழுதும் கேட்டுக்கொள். எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசிவிடாதே.

உன் அம்மா,
செல்வமணி