குளிசை பிடித்த விரதம்

வவுனிக்குளம்,
மல்லாவி.
16-2-1964

அன்புள்ள மச்சான் கனகலிங்கத்துக்கு,

வைரவர் துணையால் வயலும் மாடுகளும் நானும் சுகம். கொழும்பில் உமக்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். வெள்ளாமை இன்னும் இரண்டு கிழமையில் அரிவுக்கு வந்துவிடும். உமது அக்காவின் சங்கதியை ஒளிக்காமல் எழுதும்படி கேட்டிருந்தீர். நான் எழுதினால் புளுகுகிறேன் என்பீர். என் மனுசி கமலாசனியைப் பற்றி எழுத இந்த முறை புளுகு தேவையில்லை.

பித்தப்பையில் உள்ள கல்லை எடுக்க வேண்டும், அதற்கு முன் உடம்பு நாற்பது இறாத்தல் குறைய வேண்டும், இல்லாவிட்டால் மயக்க மருந்து கொடுக்கப் பயம் என்று டொக்டர் சொல்லி, ஆவணியில் பசியை அடக்கும் குளிசை தந்தது உமக்குத் தெரியும். குளிசை நன்றாகத்தான் வேலை செய்தது. என் சோற்றுக் கோப்பையில் இருப்பதையும் ருசி பார்க்கிற மனுசி, சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்.

அந்த நேரம் பார்த்துக் கந்தசஷ்டி வந்தது. ஒவ்வொரு வருடமும் பாலும் பழமும் எடுத்தும் சூரன்போருக்கு முன்பே கண் பஞ்சடைந்து போகிறவர், ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு இருந்தார். கோயிலில் பெண்டுகள் அவரை அதிசயமாகப் பார்த்தார்கள். நானும் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் மனுசியின் வைராக்கியத்தைப் பார்த்தீர்களா என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். விரதம் முடிந்த பிறகும் ஒரு வாய் கஞ்சி, ஒரு தேத்தண்ணி, அவ்வளவுதான். சட்டை தளரத் தளர இருவருக்கும் சந்தோசம். எனக்கு அப்போதே மூளை வேலை செய்திருக்க வேண்டும்.

முதலில் கண்டுபிடித்தவள் பக்கத்துக் காணி நாகேஸ்வரி. இருவரும் ஒரே உரலில் மாறி மாறி நெல்லுக் குத்துகிறவர்கள். ஒருநாள் அவள் கையை நிறுத்திவிட்டு, அக்கா, உங்கட உலக்கை விழுகுது, ஆனா உமி கழருதில்லை, நான் தனியத்தான் குத்திறன் என்றாளாம். அக்கா சிரித்து மழுப்பிவிட்டார்.

கார்த்திகை முடிவில் டொக்டர் நிறுத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு இறாத்தல் குறைவு. எனக்கு வாயெல்லாம் பல்லு. டொக்டர் சிரிக்கவில்லை. கையூன்றாமல் கதிரையை விட்டு எழும்பச் சொன்னார். அக்காவால் முடியவில்லை. மூன்று தரம் முயன்றுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கொழுப்பைத்தானே குறைக்கச் சொன்னனான், பெலனையும் சேர்த்துக் கரைச்சுப்போட்டு வந்து நிக்கிறியள் என்று டொக்டர் ஏசினார். குளிசையைப் பாதியாக்கினார். அது பசியைத்தான் மறைக்கும், உடம்புக்கு வேண்டியதைக் கொடுக்காது. பசி வந்தாலும் வராவிட்டாலும் நேரத்துக்கு மீனும் பயறும் சாப்பிட வேண்டும், கைகாலைத் தினமும் வேலை வாங்க வேண்டும், கையூன்றாமல் பத்துத் தரம் எழும்பிக் காட்டினால்தான் கத்தி வைப்பேன் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கால் கழுவி, முருகன் படத்துக்கு முன்னால் நின்று, அப்பனே, சஷ்டிக்கு இருந்தது குளிசை பிடிச்ச விரதம், நான் பிடிக்கேல்லை, பசிச்சாத்தானே விரதம், மன்னிச்சுக்கொள்ளும் என்றார். இனிப் பசியில்லாமல் சாப்பிடுவதுதான் தன் விரதம் என்றும் சொன்னார்.

சொன்னபடி செய்தார் மச்சான். குளத்து விரால் துண்டை மென்று மென்று விழுங்குவார். கண்ணில் தண்ணீர் வரும். கோப்பையை ஒதுக்க மாட்டார். வெள்ளிக்கிழமையில் பயறும் உளுந்தும். கறி கொதிக்கும் நேரம் குசினிக்குள் கதிரையைப் போட்டு, எழும்புகிற ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு 'முருகா' சொல்லுவார். முதல் நாள் ஒரு முருகாவே முழுதாக வரவில்லை. தைப்பொங்கலுக்கு ஏழு வந்தது. கதிரையின் கால் ஒன்று கழன்று, நான் இரண்டு தரம் ஆணி அடித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை டொக்டருக்கு முன்னால் பன்னிரண்டு தரம் எழும்பினார். பத்தில் அவர் போதும் என்ற பிறகும் இரண்டு தரம். நேற்று நெல்லுக் குத்தும்போது, அக்கா, மெல்ல, உரல் பிளக்கப்போகுது என்று நாகேஸ்வரி கத்தியது வாய்க்கால் வரை கேட்டது. காடு வெட்டி இந்தக் காணியை எடுத்த நாளில் பாலை மரத்தைத் தனியே சாய்த்த ஆட்களை நான் கண்டிருக்கிறேன். பசியில்லாத வாய்க்குள் நாளுக்கு மூன்று தரம் சாப்பாடு வைத்த உமது அக்காவைப் போல ஒருவரையும் காணவில்லை.

மார்ச் இரண்டாம் திகதி, திங்கட்கிழமை காலை, யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை. அரிவை நாகேஸ்வரியின் புருசன் தவராசா பார்த்துக்கொள்வார். தம்பிக்குத் திகதியைச் சொல்ல வேண்டாம், லீவு எடுத்து வந்து மினைக்கெடுவான் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகையால் அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

பெலன் வந்துவிட்டது, பயப்பட வேண்டாம் என்று டொக்டரே சொல்லிவிட்டார். ஆனால் மச்சான், இந்த ஆறு மாதமும் எல்லோரும் அக்காவின் பெலனைத்தான் பார்த்தோம். அவரை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திய பிறகு, வெளியே மர வாங்கில் இருக்கப்போகிறவன் நான். அதிலிருந்து கையூன்றாமல் எழும்ப என்னால் முடியுமோ தெரியாது. அதற்கு முந்தின சனி இரவு மெயில் ரயிலில் ஏறிவிடும். வந்து என் பக்கத்தில் இரும்.

முருகன் உம்மைக் காக்க.

உமது அன்பு மச்சான்,
வீரகத்தி