அக்காவின் பூட்டிய கோப்பு

14, செவ்வாய்
காலையிலிருந்து மழை. துறைமுகம் கண்ணுக்கே தெரியவில்லை. விரிவுரை இல்லை. இணையப் பாதுகாப்புச் சவால்களில் இரண்டு முடித்தாயிற்று. மூன்றாவது, பாஸ்வேர்ட் உடைப்பது, பாதியில். மதியம் சூடை மீன் பொரியல்.

பின்னேரம் அக்கா வந்து கதவைச் சாத்தினாள். முகம் வெளிறி. புல்மோட்டையில் மீன் காயவைக்கும் பெண்களிடம் ஆய்வுக்காக எடுத்த நேர்காணல்கள் எல்லாம் ஒரே கோப்பில். பெயர்கள் வெளியே போகாது என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்ததால் பூட்டி வைத்தாளாம். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆய்வைக் கொடுக்க வேண்டும்.

"உன்ர விளையாட்டால இதைத் திறக்க ஏலுமோ?"

"பாப்பம் அக்கா."

15, புதன்
அவளுக்கு நினைவிருப்பது: ஒரு பெயர், ஒரு வருடம், கடைசியில் ஒரு குறி. எந்தப் பெயர்? பூனை, பள்ளித் தோழிகள், நிலாவெளி, அம்மா என்று அடுக்கினாள். பட்டியலாக்கி, வருடங்களோடும் குறிகளோடும் சேர்த்து மென்பொருளில் ஓடவிட்டேன். லப்டொப் அடுப்பாய்ச் சுட்டது. ஒன்றுமில்லை.

சவால் என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

16, வியாழன்
மழை விட்டது. இன்னும் நாற்பது பெயர். இல்லை. அக்கா சாப்பிடவில்லை.

"அக்கா, நீங்கள் சொல்லாத பேர் ஒண்டு இருக்குது."

அவள் கதிரையை இழுத்துப் போட்டு, தானே ஒரு பெயரைத் தட்டினாள். ஆண் பெயர். அதுதான் என்று முதல் நாளே சந்தேகமாம். வருடமும் குறியும்தான் மறந்ததாம். சொல்ல வெட்கம்.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

மூன்று நிமிடம். திறந்தது! அக்கா அழுதாள், சிரித்தாள், என் தலையில் குட்டினாள். பட்டியலை அவள் கண்முன்னே அழித்தேன். அந்தப் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன்.

17, வெள்ளி
அக்கா ஆய்வைக் கொடுத்துவிட்டாள். எனக்கு ஐஸ்கிரீம். மூன்றாவது சவாலும் முடிந்தது.

19, ஞாயிறு
நல்ல வெயில். துவைத்தது எல்லாம் கொடியில். அக்கா தானே அம்மாவிடம் சொல்லப்போகிறாளாம், நான் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். குசினி. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் பெயரைச் சொன்னாள்.

அம்மா நிமிரவில்லை. "அந்தக் குச்சவெளிப் பொடியனோ? ஆறு மாசமாத் தெரியும்."

"ஆரம்மா சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. அவன்ர போன் கோல் வந்தா மட்டும் வெளி முற்றத்தில போய் நிண்டெல்லோ கதைக்கிறாய். மழைக்குள்ளயும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"வாற ஞாயிறு வரச் சொல்லு," என்றார் அம்மா. "கணவாய்க் கறி சாப்பிடுவானோ எண்டு கேள்."