மாவுக்காகச் சொன்ன பொய்

ஒடாகோ, நியூசிலாந்து
ஜூன் 1889

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வினிஃப்ரெட் எழுதுவது. நான் நலம். சலவைக்கூடத்து வேலை நடக்கிறது. சோடா பட்டுக் கை வெடித்திருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும். படுத்துவிட்டிருந்த அம்மா இப்போது எழுந்து நடமாடுகிறாள். முன்பு எழுதிய கடிதங்களுக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. நீங்கள் இருக்கும் மேற்குக் கரையில் மழை, தபால் வண்டி ஆற்றைத் தாண்ட முடியாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தம்பி ஆல்ஃபியையும் தங்கை கிளாராவையும் சர்க்கார் எடுத்துக்கொண்டுவிட்டது.

நீங்கள் தங்கம் தேடிப் போன பிறகு வீட்டில் மாவு தீர்ந்தது. நிவாரணச் சங்கத்தில் விதவைக்கும் கணவன் கைவிட்டவளுக்கும்தான் மாவு. ஆண்கள் வெளியூர் போகும் காலத்தில் நம் சந்துப் பெண்கள் அங்கே போய் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஹேலம் அம்மாள், "என்னை வருஷா வருஷம் கைவிட்டுட்டுப் போறான், திரும்பி வந்து அந்த மாவையே தின்னுறான்" என்று சிரித்தபடி அம்மாவைக் கூட்டிப்போனாள். அம்மாவும் நீங்கள் கைவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னாள்.

இந்த முறை அங்கே புதிய அதிகாரி. மாவைக் கொடுத்துவிட்டுப் போலீசுக்கும் சொல்லி அனுப்பினார். கான்ஸ்டபிள் வந்தபோது அம்மா துணி துவைக்கப் போயிருந்தாள். பிள்ளைகள் குளிருக்கு நெருப்புகூட இல்லாத வீட்டில் ஒரே போர்வைக்குள் இருந்தார்கள். நீதிமன்றத்துக்கு அது போதும். தகப்பன் ஓடிப்போனவன், கவனிப்பாரற்ற குழந்தைகள், பதினைந்து வயது வரை சர்க்கார் பிள்ளைகளை அடைத்து வளர்க்கும் தொழிற்பள்ளியில் இருக்கட்டும் என்று தீர்ப்பு. அம்மா, "பொய்யுங்க ஐயா, மாவுக்காகச் சொன்னேன். அவர் வருவாரு" என்று அழுதாள். நீதிபதி, "அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யாம்மா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். ஆல்ஃபிக்குத் தலையை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். யாருடையதோ பூட்ஸ் போட்டிருக்கிறான். கிளாரா காலையெல்லாம் தரை தேய்க்கிறாள். "வயிறு நிறையக் கஞ்சி தர்றாங்கக்கா. அம்மாகிட்ட அதைச் சொல்லாதே" என்றாள்.

அந்தக் கஞ்சியை நம் வீட்டிலேயே ஊற்றியிருக்கலாமே அப்பா. தாய்க்கு மாவு கொடுக்க மூக்கால் அழுகிற சர்க்காருக்கு, அவளிடமிருந்து பிள்ளையைப் பறித்து வைக்க மட்டும் கட்டடமும் காவலாளியும் எங்கிருந்து வருகின்றன? அங்கே பிள்ளைகளை மேற்பார்க்கும் மேட்ரனிடம் கேட்டேவிட்டேன். "வாய் நீளம் உனக்கு. இன்னும் சின்னப் பொண்ணா இருந்தா உன்னையும் உள்ள போட்டிருப்பாங்க" என்றாள்.

செப்டம்பரில் வசந்தம் பிறந்ததும் ஆல்ஃபியைத் தூரத்துப் பண்ணை ஒன்றுக்கு வளர்க்க அனுப்பப் போகிறார்கள். எந்த ஊர் என்று தாய்க்குச் சொல்ல வேண்டியதில்லையாம். அதற்குள் தகப்பன் நேரில் வந்து, கைவிடவில்லை என்று சொன்னால் வழக்கை மறுபடி எடுப்பதாக நீதிபதி சொல்லியிருக்கிறார். அப்போது, பொய் சொல்லி மாவு வாங்கியதற்காக அம்மா சிறைக்குப் போக நேரலாம். "போறேன். நான் உள்ள போறேன், அதுங்க வெளிய வரட்டும்" என்கிறாள்.

உங்களோடு வேலை செய்த க்ளீரி ஊர் திரும்பியிருக்கிறார். தெருவில் பார்த்தேன். "உங்கப்பன் நல்லாத்தான் இருக்கான், புதுக் கோட்டெல்லாம் போட்டிருந்தான்" என்றார். வேறு ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். நான் கேட்கவில்லை. அம்மாவிடம் அவரைப் பார்த்ததையே சொல்லவில்லை.

உங்களிடம் வேறெதுவும் கேட்கமாட்டேன். வந்த பிறகு திரும்பிப் போவதானாலும் போங்கள், தடுக்கமாட்டேன். ஒரே ஒரு நாள் நீதிமன்றத்தில் நின்று, அம்மா சொன்னது பொய் என்று சொல்லுங்கள்.

வழியில் ஆறுகள் உங்களுக்கு வழிவிடட்டும்.

அது பொய்யாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்
உங்கள் மகள்,
வினிஃப்ரெட்