குசினியில் வாசித்த மூன்று வரி

ஒக்டோபர் 6, திங்கள்

கச்சான் காற்று நின்றுவிட்டது. ஒரே புழுக்கம். துறைமுகப் பக்கம் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல்.

கொப்பியில் பதினோராவது பக்கம். வாசிகசாலை வகுப்புக்குப் போகத் தொடங்கி எட்டு மாதம். வயது அறுபத்தொன்பது. யார் உதவியும் இல்லாமல் எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும்.

இன்று வாசித்தவை:
நிலாவெளி பஸ்ஸின் பலகை.
சவர்க்காரப் பெட்டி, நான்கு பக்கமும்.
மருந்துக்கடை அறிவித்தல். மதியம் பூட்டு என்று போட்டிருக்கிறது. எத்தனை வருடம் மதியத்தில் போய்த் திரும்பி வந்த கடை.

மனதுக்குள் வாசிக்க இன்னும் வரவில்லை. வாய் சொன்னால்தான் எனக்கு விளங்குகிறது. பஸ்ஸில் சனம் திரும்பிப் பார்க்கிறது. பார்க்கட்டும்.

சுருக்கம்: கௌ. என்றால் மகள் கௌசி. நி. என்றால் மருமகன் நிரோஷன். ஹ. என்றால் ஹனீபா, கிண்ணியாக்காரன், என்னோடு முப்பது வருடம் கப்பலில் மூட்டை இறக்கியவன். முழுப் பெயர் எழுதினால் விரல் விறைக்கிறது.

ஹ. பின்னேரம் வந்தான். முகம் சரியில்லை. மீனவர் சங்கம் போன்களில் போட்டுக் கொடுத்த அப், செய்தி அனுப்பும் செயலி, இந்த மாத முடிவோடு நிற்கப் போகிறதாம். மகனின் போனில் அறிவித்தல் வந்திருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் செய்தி எழுதினால் அந்த அப் பிடித்து வைத்திருக்கும், சிக்னல் கிடைத்த நொடியில் தானே அனுப்பும். போன வாடைக்காலத்தில், கடல் கொந்தளிக்கும் மாதங்களில், ஹ.வின் மகனுடைய மீன்பிடிப் போட்டின் எஞ்சின் நின்று நீரோட்டம் இழுத்தபோது அப்படித்தான் செய்தி கரைக்கு வந்தது. மகன் உயிரோடு இருப்பது அதனால். அடுத்த வாடை தொடங்க ஒரு மாதம்கூட இல்லை.

ஒக்டோபர் 7, செவ்வாய்

கௌ.விடம் விளக்கம் கேட்டேன். ஒவ்வொரு வகைப் போனுக்கும் தனித்தனியாக எழுதத் தேவையில்லாமல், ஒருமுறை எழுதினால் எல்லாவற்றிலும் ஓட வைக்கும் ஒரு சட்டகம் இருக்கிறதாம். அதன்மேல்தான் சங்கத்தின் அப் நிற்கிறது. சட்டகம் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் சொத்து. இனிப் பழைய போன்களில் அதை ஓட விடமாட்டார்களாம். போட்டில் போகிறவன் எவனிடம் புதுப்போன் இருக்கிறது?

நான் கேட்டேன், எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும் எங்கள் கொக்கி பொருந்தும், கொக்கியின் வளைவே தன்னுடையது என்று ஒருவன் சொன்னால் எப்படி? கிட்டத்தட்ட அதுதான் என்றாள்.

கௌ.வும் நி.யும் இரண்டு வருடமாகச் செய்வது இதைத்தான். பல நாட்டு ஆட்கள் ஒரு குழுவாகக் கூடி, அதே வேலையைச் செய்யும் வேறொரு சட்டகத்தை முதலிலிருந்து எழுதுகிறார்கள். யாரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். செய்தியைப் பிடித்து வைக்கும் பகுதி நி.யின் பொறுப்பு. முக்கால்வாசி முடிந்தது. மாத முடிவுக்குள் முடித்தால் படகுகள் தப்பும்.

ஒக்டோபர் 8, புதன்

மழை வரும்போலிருந்து வரவில்லை.

இந்த வீட்டின் சட்டத்தை எழுதி வைக்கிறேன். கௌ. கொழும்பில் வேலை செய்த இடத்தில் அந்தக் கம்பனிச் சட்டகத்தின் உள்ளெழுத்தை, வெளியே காட்டாத கம்ப்யூட்டர் எழுத்தை, பார்த்தவள். ஆகவே அவள் புதியதை எழுதக்கூடாது. அது வெளியே என்ன செய்கிறது என்று விவரித்து மட்டும் கொடுக்கலாம். நி. உள்ளெழுத்தைப் பார்க்காதவர். ஆகவே அவர் எழுதலாம். கண்டவர் எழுதினால், அல்லது எழுதுபவர் கண்டால், எங்களுடையதைத் திருடினீர்கள் என்று கம்பனி வழக்குப் போடும். முழு வேலையும் போகும்.

கௌ. விறாந்தையில். நி. பின்னறையில். அவள் விவரித்தது முதலில் வேறு நாட்டில் ஒருவரிடம் போய், அவர் சோதித்த பிறகே நி.யிடம் வரும். பத்தடி தூரம். கடிதம் உலகத்தைச் சுற்றி வருகிறது. புருஷனும் பெண்சாதியும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கதைப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் மீன் விலையும் என் இருமலும்தான் கதை.

இந்தக் கரையை ஒருநாளும் காணாத கம்பனி. என் பிள்ளைகள் வாய் திறக்க அதற்குப் பயப்பட வேண்டும்.

ஒக்டோபர் 9, வியாழன்

இன்று நடந்ததை எழுத வேண்டும்.

காலை. நி. குசினியில் அடுப்படியோரம் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். கௌ. பின்னால் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு தாள். அவளுடைய கையெழுத்து, எல்லாம் தமிழ். இந்த வீட்டில் தாள் என்றால் இங்கிலீஷ்தான். தமிழைக் கண்டதும் எனக்குப் பெரிய சந்தோசம். தலைப்பு: சொல்லக்கூடாதவை. நி.யின் தாயைப் பற்றி ஏதோ என்று நினைத்தேன். அவரைச் சீண்டலாம் என்று உரத்து வாசித்தேன்.

முதல் வரி. ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது. மூன்றாவது வரியில் நி. கோப்பையோடு எழுந்து, செருப்புப் போடாமல் றோட்டுக்கு நடந்துவிட்டார்.

கௌ. ஓடிவந்தாள். உள்ளெழுத்தில் தான் கண்டவை தன்னை அறியாமல் விவரிப்புக்குள் வந்துவிடக்கூடாது என்பதற்காக, விலக்க வேண்டியதைத் தனக்கென்று எழுதி வைத்த தாள் அது. முடிந்ததும் எரிக்க இருந்தாளாம்.

"அப்பா, நீங்கள் என்ன வாசிச்சனீங்கள் எண்டு தெரியுமா?"

"எனக்கு ஒண்டும் விளங்கேல்ல பிள்ளை."

"அவருக்கு விளங்கியிருக்கும்."

அந்த மூன்று வரியை இங்கே எழுதமாட்டேன். நி. இந்தக் கொப்பியைத் திறந்தால் என்ன ஆகும்?

ஒக்டோபர் 10, வெள்ளி

நி. என்னோடு கதைக்கவில்லை. குழுவுக்கு அவரே எழுதிவிட்டார், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று. பின்னறைக் கதவு திறந்தபடி, கம்ப்யூட்டர் மூடியபடி.

நாள் முழுக்கக் கோபம். என் வீடு, என் குசினி, என் மகளின் எழுத்து. அதை வாசித்தது குற்றமாம். அதைக் கேட்ட காது திருட்டுக் காதாம். எழுபது வருடம் கிட்ட வாசிக்கத் தெரியாமல் இருந்தேன், ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. வாசித்த எட்டாவது மாதத்தில் விசாரணை.

ஒக்டோபர் 11, சனி

குழுவிடமிருந்து கடிதம். வாசித்தவரின் வாக்குமூலம் வேண்டுமாம். அதாவது என்னுடையது. எழுத வேண்டியவை: எத்தனை வரி, எதைப் பற்றி, யார் கேட்டார். வரிகளில் இருந்ததை எழுதக்கூடாது. வாசித்ததை எழுதாதே, வாசித்தேன் என்று எழுது. இப்படியும் ஒரு கேள்வி.

கௌ. மொழிபெயர்க்கக்கூடாதாம், சம்பந்தப்பட்டவள். மலேசியாவில் தமிழ் தெரிந்த ஒருவர் வாசிப்பார். முகம் தெரியாத ஒருவர் என் எழுத்தை வாசிக்கப் போகிறார் என்று ஒரு நிமிடம் எல்லாவற்றையும் மறந்து சிரித்தேன். பிறகு வெட்கம்.

ஹ. வந்தான். எல்லாம் சொன்னேன். தலையிடிக்குப் பனடோல் இருந்தால் தா என்றான். குடித்துவிட்டுச் சொன்னான்:

"மச்சான், மருமகன் எழும்பிப் போன பொறகுதான் வாசிச்சன் எண்டு எழுது. அந்தாள் பயத்தில குழுவுக்கு எழுதிட்டாரெண்டு நினைப்பாங்க. வேலை நடக்கும்."

பனடோல் அட்டையை அலுமாரியில் திரும்ப வைத்தேன்.

"எண்ட மகனுக்காகக் கேக்கன். வேற ஒண்டுமில்ல."

போகும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே போனான். ஏறவில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

முதல் மழை. முற்றம் சேறு.

காலையிலிருந்து வாக்குமூலம். ஹ. சொன்னபடியே எழுதினேன்: மருமகன் போன பிறகே வாசித்தேன். எழுத்து அழகாக விழுந்தது. இதுவரை நான் எழுதியதில் இவ்வளவு நேரான வரி இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துறைமுகத்தில் ஒருமுறை கம்பிவடம் அறுந்தது. கீழே நின்ற செல்வராசாவின் கால் போனது. வடத்தைக் காலையில் சோதித்தோம் என்று ஒரு தாள் இருந்தது. யாரும் சோதிக்கவில்லை. தாளில் என் பெருவிரல் அடையாளம். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன், விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அது உண்மை.

இன்றைக்கு அந்தப் பேச்சு இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நி.யிடம் தாளைக் காட்டினேன். மூன்று நாளுக்குப் பிறகு வாய் திறந்தார்.

"மாமா, நீங்கள் இப்பிடி எழுதினா நான் பொய்க்காரன். அதுகூடப் பரவாயில்ல. நாளைக்குக் கம்பனி இதைக் கண்டுபிடிச்சா, மற்ற எல்லாற்ர வேலையையும் களவெண்டு சொல்லும். படகுக்கு ஒருநாளும் ஒண்டும் வராது."

கிழித்தேன். திரும்ப எழுதினேன்: மூன்று வரி வாசித்தேன். செய்தியைப் பிடித்து வைப்பது பற்றியது. மருமகன் மூன்றையும் கேட்டார். பிழை என்னுடையது. கோணல் எழுத்து. கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி

முடிவு வந்தது. ஒன்பதாம் திகதிக்கு முன் நி. எழுதியது செல்லும். இனி அந்தப் பகுதியில் அவர் ஒரு எழுத்தும் எழுதக்கூடாது. வேறு நாட்டில் ஒரு பெண் எடுத்துச் செய்வாள். தை மாதத்துக்கு முன் முடியாது.

கிண்ணியாவுக்குப் போய் ஹ.விடம் நானே சொன்னேன். ஏசுவான் என்று நினைத்தேன். ஏசவில்லை. வாடை முடியும்வரை மகனைக் கரை தெரியும் தூரத்துக்கு அப்பால் போகவிடமாட்டேன் என்றான். மகன் கேட்பானா என்று நான் கேட்கவில்லை. தேத்தண்ணி தரவில்லை.

வீடு வந்தால் வேறு விதம். நி. கேட்டுவிட்டவர், ஆகவே கௌ.வின் பக்கம். அந்தப் பெண்ணுக்கு இருவரும் சேர்ந்து விவரித்துக் கொடுக்கலாம். நி.யின் கதிரை விறாந்தைக்கு வந்துவிட்டது. காலையில் தொடங்கிய கதை. ஒருவர் முடிக்கும் முன் மற்றவர். சோற்றுக்குக் கூப்பிட்டேன், இருவருக்கும் காது கேட்கவில்லை. இரண்டு வருடக் கதை. அதை இவர்களிடமிருந்து பறித்து வைத்திருந்தது யார்?

கம்பனிக்கு நானே கடிதம் எழுதுகிறேன். தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்கட்டும்.

ஐயா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. பழைய போன்களில் ஓட விடமாட்டோம் என்ற உங்கள் பேச்சால் எங்கள் கடலில் என் கூட்டாளி ஹனீபாவின் மகன் கரையைப் பார்த்துப் பார்த்துத் தொழில் செய்கிறான். கடிதத்தின் கீழே அவன் பெயரை, சுருக்காமல் முழுதாக, எழுதுகிறேன். உரத்து வாசியுங்கள்.